கிணற்றிலிருந்து நீச்சல் குளம் வரை - ப்ளீச்சிங் பவுடரும் பி.எச்.சும் சேர்ந்த கதை

திண்டுக்கல் பக்கம் நீச்சல் என்றால் ஒரு காலத்தில் கிணறுதான். ஆத்தூர், ரெட்டியார்சத்திரம், சின்னாளபட்டி, நிலக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் பாறையை வெட்டி இறக்கிய பெரிய சதுரக் கிணறுகள் இருக்கும். இடுப்பில் சுரைக்குடுவையையோ மோட்டார் வண்டி டியூபையோ கட்டி பிள்ளைகளை உள்ளே இறக்கி விடுவார்கள். நாலு மடக்குத் தண்ணீர் குடித்தால்தான் நீச்சல் வரும் என்று கேலியும் செய்வார்கள். அந்த நாலு மடக்கில் என்னென்ன இருந்தது என்று யாரும் கேட்டதில்லை!

இப்போது அதே சமவெளியில் நீல ஓடு பதித்த நீச்சல் குளங்கள் வந்துவிட்டன. ஒழுங்காகப் பராமரிக்கும் குளம் என்றால் தினமும் காலையில் ஒருவர் இரண்டு சின்னக் குழாய்களில் தண்ணீரை எடுத்து, ஒவ்வொன்றிலும் சில சொட்டு மருந்து விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்ப்பார். ஒரு குழாய் குளோரின் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். இன்னொரு குழாய் பி.எச். அளவைச் சொல்லும், அதாவது தண்ணீர் அமிலப் பக்கமா காரப் பக்கமா என்பதை. உலக சுகாதார நிறுவனம் 2006ல் வெளியிட்ட வழிகாட்டியின்படி குளோரின் போடும் குளத்தில் பி.எச். 7.2க்கும் 7.8க்கும் நடுவில் இருக்க வேண்டும். குளோரின் பொதுவாக லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை வைக்கிறார்கள்.

இந்த இரண்டு எண்களும் ஜோடியாக வருவதைப் பார்த்தால் பிறந்ததிலிருந்தே சேர்ந்திருந்தவை போலத் தோன்றும். உண்மை அதுவல்ல. குளோரினை நோய்க்கு எதிராகப் பயன்படுத்தத் தொடங்கி நூறு வருடங்களுக்கு மேல் ஆன பிறகுதான், அது சில தண்ணீரில் வேலை செய்து சில தண்ணீரில் ஏன் சோம்பேறியாகிவிடுகிறது என்பது புரிந்தது. அந்தச் சோம்பேறித்தனம் திண்டுக்கல் மாதிரி கடினத் தண்ணீர் ஊர்களில்தான் அதிகம் என்பதால் இந்த வரலாறு நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

சுண்ணாம்பும் நாற்றமும்

ஸ்வீடனைச் சேர்ந்த ஷீலே என்ற வேதியியலாளர் 1774ல் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில், மூச்சை அடைக்கும் ஒரு வாயுவைத் தயாரித்தார். அது ஒரு தனிமம் என்று 1810ல் சொல்லி 'குளோரின்' என்று பெயர் வைத்தவர் ஹம்ஃப்ரி டேவி. இடையில் 1785 வாக்கில் பெர்த்தோலே என்ற பிரெஞ்சுக்காரர் அது துணியை வெளுக்கும் என்று கண்டுபிடித்தார். அதற்கு முன்பு துணியை வாரக்கணக்கில் வெயிலில் விரித்துப் போட்டு வெளுத்துக் கொண்டிருந்தார்கள்.

ஆனால் வாயுவை மூட்டை கட்டி விற்க முடியாதே! ஸ்காட்லாந்தின் சார்லஸ் டெனன்ட் 1799ல் அதற்கு வழி கண்டார். நீற்றின சுண்ணாம்பின் மேல் குளோரின் வாயுவைச் செலுத்தினால் சுண்ணாம்பு அதைப் பிடித்து வைத்துக் கொண்டு வெள்ளைப் பொடியாகிவிடும். அதுதான் ப்ளீச்சிங் பவுடர். வெற்றிலைக்குத் தடவுகிற, சுவருக்கு அடிக்கிற அதே சுண்ணாம்புதான் அதற்குள்ளும் இருக்கிறது. இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், கட்டுரையின் பின்பாதியில் இந்தச் சுண்ணாம்புதான் தகராறு செய்யப் போகிறது.

துணிக்கு வந்த பொடி நோய்ப் பக்கம் திரும்பியது நாற்றத்தால். பாரிஸில் ஆட்டுக் குடல், மாட்டுக் குடலைச் சுத்தம் செய்து நரம்பு திரிக்கும் பட்டறைகள் இருந்தன. அந்தத் தெருக்களில் யாராலும் நிற்க முடியாது. 1820களில் லாபராக் என்ற மருந்துக் கடைக்காரர் குளோரின் கலந்த கரைசல்களைக் கொண்டு அந்த நாற்றத்தைப் போக்கிப் பரிசும் வாங்கினார். தோல் ஷாப்புகளைத் தாண்டிப் போய் வந்த திண்டுக்கல்காரர்களுக்கு இந்தப் பரிசின் அருமை தனியாகச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தக் காலத்து எண்ணம் இதுதான்: நோய் கெட்ட காற்றில் வருகிறது, நாற்றம் போனால் நோயும் போகும். திண்டுக்கல்லே இதற்கு ஒரு சாட்சி. 1809, 1810, 1811 ஆகிய மூன்று வருடங்களில் கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிப் பகுதிகளில் ஒரு கொடிய காய்ச்சல் பரவியது. மதராஸ் அரசாங்கம் அமைத்த மருத்துவர் குழுவில் ஐன்ஸ்லி, ஸ்மித், கிறிஸ்டி ஆகியோர் இருந்தார்கள். அவர்களுடைய அறிக்கை பிறகு லண்டனில் புத்தகமாகவே வந்தது, தலைப்பில் திண்டுக்கல்லின் பெயரோடு. குழு காரணத்தைத் தேடியது பருவநிலையிலும், ஈர நிலத்திலிருந்து எழும் கெட்ட ஆவியிலும். அந்தக் காய்ச்சல் மலேரியாவாக இருந்திருக்கலாம் என்பது இன்றைய கருத்து. கொசுவைப் பற்றியோ கிருமியைப் பற்றியோ யாருக்கும் தெரியாத காலத்தில் அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

காற்றிலிருந்து கைக்கு இந்தச் சிந்தனை இறங்கியது 1847ல். வியன்னா மருத்துவமனையில் செமல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்க்கப் போகும் முன் எல்லோரும் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். பிரசவ ஜுரத்தில் இறக்கும் தாய்மார்களின் எண்ணிக்கை மடமடவென்று குறைந்தது. ஆனாலும் சக மருத்துவர்கள் அவரை ஏற்றுக் கொள்ளவில்லை.

கல்கத்தாவின் ஒரு குளம்

கையிலிருந்து தண்ணீருக்கு வந்த கதையில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1884ன் தொடக்கத்தில் ஜெர்மனியின் ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலரா நோயாளிகளை ஆராய்ந்து கொண்டிருந்தார். ஒரு குடியிருப்பில் காலரா பரவியபோது அங்கிருந்த குளத்துத் தண்ணீரைச் சோதித்தார். அதிலேயே காலராக் கிருமி இருந்தது. மக்கள் அந்தக் குளத்தில் குளித்தார்கள், துவைத்தார்கள், அதையே குடித்தார்கள். குளிக்கிற தண்ணீரும் குடிக்கிற தண்ணீரும் ஒன்றாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி அதுவரை கிடைத்ததில்லை.

சரி, கிருமி தண்ணீரில் இருக்கிறது. அதை எப்படிக் கொல்வது? ஆக்ராவில் இருந்த ஹேன்கின் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1890களில் கிணறுகளில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடச் சொன்னார். தண்ணீர் ரோஸ் நிறமாகும், மெல்ல நிறம் மங்கும், அதன் பிறகு குடிக்கலாம். இந்தப் பழக்கம் இந்தியா முழுக்கப் பரவியது. காலரா காலத்தில் ரோஸ் கலராக மாறிய கிணற்றைப் பற்றி நிறைய ஊர்களில் பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம். ஆனால் காலராக் கிருமியை அது கொன்றாலும் மற்ற கிருமிகளிடம் அவ்வளவாகப் பலிக்கவில்லை. செலவும் அதிகம்.

அடுத்து வந்தவரைப் பாடப் புத்தகங்கள் ஏறக்குறைய மறந்தே விட்டன. வின்சென்ட் நெஸ்ஃபீல்ட், இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த அதிகாரி. படைவீரர்களுக்கான தண்ணீரைச் சுத்தம் செய்ய, குளோரினை அழுத்தி திரவமாக்கிக் கலத்தில் அடைத்து எடுத்துப் போகலாம், வேலை முடிந்ததும் மிச்சக் குளோரினை வேறொரு மருந்தால் நீக்கிவிடலாம் என்று 1903 வாக்கிலேயே எழுதினார். இன்று பெரிய குடிநீர் நிலையங்களில் நிற்கும் மஞ்சள் குளோரின் சிலிண்டர்களின் யோசனை அதுதான். இந்தியாவில் வேலை பார்த்த ஒருவருக்கு இது தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. பீரங்கியைவிட வயிற்றுப்போக்குக்குப் பலியான சிப்பாய்கள் அதிகம்.

1905ல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் டைஃபாய்டு பரவியபோது அலெக்சாண்டர் ஹூஸ்டன் குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலந்தார். அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். தண்ணீர் கம்பெனி ஒப்பந்தப்படி சுத்தமான தண்ணீர் தரவில்லை என்று வழக்கு. கம்பெனியின் ஆலோசகரான ஜான் லீல் என்ற மருத்துவர் யாரிடமும் சொல்லாமல் ப்ளீச்சிங் பவுடர் கலக்கும் நிலையத்தைக் கட்டி, 1908 செப்டம்பர் 26 அன்று ஓடவிட்டு விட்டார்! நீதிமன்றத்தில் பெரிய ரகளை. குடிக்கிற தண்ணீரில் சலவைப் பொடியா என்று கேட்டார்கள். தன் குடும்பத்துக்கே அதைத் தயங்காமல் கொடுப்பேன் என்று லீல் சாட்சி சொன்னார். 1910ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அதன் பின் சில வருடங்களிலேயே அமெரிக்க நகரங்கள் வரிசையாகக் குளோரினுக்கு மாறின.

நீச்சல் குளத்துக்கு அது வந்ததும் அதே 1910ல்தான். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் பங்கர் என்பவர் அங்கிருந்த நீச்சல் குளத்தில் ப்ளீச்சிங் பவுடர் போட்டுப் பார்த்தார். அதுவரை குளத்துத் தண்ணீர் அழுக்கானால் ஒரே வைத்தியம், திறந்துவிட்டு மறுபடி நிரப்புவது. இப்போது அதே தண்ணீரை வாரக்கணக்கில் வைத்துக் கொள்ளலாம் என்றாயிற்று.

பீர் கம்பெனியில் பிறந்த எண்

இனி இரண்டாவது குழாய். பி.எச். என்ற அளவை 1909ல் கொடுத்தவர் சோரன்சன். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அவருக்கு வேண்டியிருந்தது நொதிகளும் புரதங்களும் எந்த அமில நிலையில் நன்றாக வேலை செய்யும் என்று சொல்ல ஓர் அளவுகோல். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். 8 என்பது 7ஐவிடக் கொஞ்சம் அதிகம் என்று நினைப்பதுதான் எல்லோரும் ஏமாறும் இடம்.

(நிறத்தை வைத்துக் காரத்தைக் கண்டுபிடிப்பது மட்டும் நமக்குப் புதிதல்ல. ஆரத்தித் தட்டில் மஞ்சள் கரைத்த தண்ணீரில் துளி சுண்ணாம்பு போட்டதும் ரத்தச் சிவப்பாக மாறுகிறதே, அது இதே வேதியியல்தான்!)

பி.எச். பார்க்கும் மின்கருவியை அர்னால்டு பெக்மன் 1934ல் செய்தார். அதுவும் தண்ணீருக்காக இல்லை. கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க அவருடைய நண்பர் ஒருவர் கேட்டதற்காக. ஆக, ஜெர்சி சிட்டி வெற்றியும் சோரன்சனின் எண்ணும் ஒரு வருட இடைவெளியில் பிறந்தும், ஒன்றை ஒன்று சரியாகச் சந்திக்க முப்பது வருடங்களுக்கு மேல் பிடித்தது.

அந்தச் சந்திப்பு 1940களில் நடந்தது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த பட்டர்ஃபீல்டு குழுவினர் ஒரே அளவு குளோரினை வெவ்வேறு பி.எச். உள்ள தண்ணீரில் போட்டுக் கிருமிகள் சாகும் வேகத்தைப் பார்த்து 1943ல் எழுதினார்கள். பி.எச். ஏற ஏற, கொல்லும் வேகம் குறைந்தது. 1948ல் ஹார்வர்டின் கோர்டன் ஃபேர் குழுவினர் ஏன் என்று விளக்கினார்கள்.

விஷயம் இதுதான். குளோரின் தண்ணீரில் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. அதில் ஒரு பகுதி பிரிந்து ஹைப்போகுளோரைட் அயனியாகிறது. இரண்டும் குளோரின்தான், சோதனைக் குழாயில் இரண்டும் ஒரே நிறம்தான் காட்டும். ஆனால் முதலாவதற்கு மின்னேற்றம் கிடையாது, அதனால் கிருமியின் சுவரைத் தாண்டி சுலபமாக உள்ளே போகும். இரண்டாவது எதிர்மின்னேற்றம் கொண்டது. கிருமியின் வெளிப்புறமும் அப்படியே என்பதால் வாசலிலேயே தள்ளப்படும். கொல்லும் திறனில் இரண்டுக்கும் ஏறக்குறைய 80 முதல் 100 மடங்கு வித்தியாசம் சொல்கிறார்கள்.

எது எவ்வளவு இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது பி.எச். அது 7 என்றால் சுமார் நாலில் மூன்று பங்கு வீரியமுள்ள வடிவம். 7.5ல் பாதிக்குப் பாதி. 8க்குப் போனால் நாலில் ஒரு பங்குக்கும் கீழே. 8.5 வந்தால் பத்தில் ஒரு பங்கு கூடத் தேறாது. அதாவது 8.5 பி.எச். உள்ள குளத்தில் குளோரின் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று குழாய் காட்டினாலும், வேலைக்கு வருவது 0.2 மில்லிகிராம்தான். மீதி எல்லாம் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கும் ஆள்!

சரி, பி.எச்.சை 6க்கு இறக்கிவிட்டால் குளோரின் முழு வீரியத்தோடு இருக்குமே என்று கேட்கலாம். இருக்கும். கண் எரியும், குழாயும் பம்பும் அரிக்கும், சிமென்ட் பூச்சு கரையும். மனிதக் கண்ணீரின் பி.எச். 7.4 பக்கம். 7.2 முதல் 7.8 என்ற அளவு கிருமிக்கும் கண்ணுக்கும் நடுவில் செய்து கொண்ட ஒரு சமரசம்.

2.5 கிராம் கணக்கு

இதற்குள் தமிழ்நாட்டுக் கிணறுகளில் ப்ளீச்சிங் பவுடர் வழக்கமாகிவிட்டது. 1939ல் வந்த மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவிலேயே இந்த வகையில் முதலாவது. அதில் திருவிழாக்களுக்கும் சந்தைகளுக்கும் என்று தனி அத்தியாயமே உண்டு. காரணம் வெளிப்படை. திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குத் தைப்பூசத்துக்கு நடந்து போகிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். வழியில் இருக்கும் ஒவ்வொரு கிணறும் ஊருணியும் அத்தனை பேருக்கும் பொதுச் சொம்பு மாதிரி. காலரா ஒரு கிணற்றில் இறங்கினால் அடுத்த ஊருக்கு நடந்தே போய்விடும்.

மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் சொல்லிக் கொடுக்கும் கணக்கு: நல்ல ப்ளீச்சிங் பவுடர் 2.5 கிராம் 1000 லிட்டர் தண்ணீருக்கு. அதை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தெளிவை மட்டும் கிணற்றில் இறக்கி, ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தரத்திலும் இருக்கும் எண்.

நீளம் அகலம் பத்துப் பத்து மீட்டர், ஐந்து மீட்டர் தண்ணீர் நிற்கும் ஒரு தோட்டக் கிணறு என்றால் 5 லட்சம் லிட்டர். ஒன்றேகால் கிலோ பவுடர் வேண்டும். 25 மீட்டர் நீள நீச்சல் குளத்திலும் கிட்டத்தட்ட இதே அளவு தண்ணீர்தான் இருக்கும். திண்டுக்கல் பிள்ளைகள் அறியாமலேயே போட்டிக் குள அளவு தண்ணீரில் நீச்சல் பழகியிருக்கிறார்கள்!

தினமும் இறைக்கும் சின்னக் கிணறுகளுக்கு நாக்பூரில் 1958ல் தொடங்கிய மத்திய ஆய்வு நிறுவனம் (பின்னாளில் நீரி) இரட்டைப் பானை முறையைக் கொடுத்தது. ஒரு கிலோ பவுடரை இரண்டு கிலோ மணலோடு கலந்து ஓட்டை போட்ட சின்னப் பானையில் வைத்து, அதை ஓட்டை போட்ட பெரிய பானைக்குள் வைத்து, கிணற்றுத் தண்ணீருக்குள் கட்டித் தொங்கவிட வேண்டும். இரண்டு மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கொண்டே இருக்கும். மின்சாரமும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். அறிவியல் என்றால் பளபளப்பாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தப் பானையை ஒருமுறை பார்க்கலாம்.

இந்தக் கணக்கில் எல்லாம் பவுடரின் அளவு இருக்கிறது, நேரம் இருக்கிறது. பி.எச். மட்டும் இல்லை. நடுநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீரில் அது பெரிய குறை இல்லை. ஆனால்...

திண்டுக்கல் தண்ணீர்

திண்டுக்கல் கெட்டிப் பாறை பூமி. சார்னகைட், நைஸ் வகைப் பாறைகளின் வெடிப்புகளில்தான் நிலத்தடி நீர் தங்குகிறது. பாறையோடு நெடுங்காலம் உறவாடிய தண்ணீர் கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட் எல்லாவற்றையும் கரைத்துக் கொண்டு மேலே வரும். சோப்பு நுரைக்காது, குடத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படியும், பருப்பு வேக மாட்டேன் என்று அடம் பிடிக்கும். 'உப்புத் தண்ணி', 'நல்ல தண்ணி' என்று வீட்டில் இரண்டு குடம் வைத்துப் பழகிய ஊர். நல்ல தண்ணிக்கு ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம், வைகையின் பேரணை, பிறகு காவிரிக் கூட்டுக் குடிநீர் என்று நகரம் வெளியே கை நீட்டியே வாழ்ந்திருக்கிறது.

பாறை தந்த உப்பு போதாதென்று மனிதனும் சேர்த்தான். திண்டுக்கல் தோல் பதனிடும் ஊர். தோல் கெடாமல் இருக்க உப்பு, முடி உதிரச் சுண்ணாம்பு, பிறகு ஆவாரம்பட்டை, பின்னாளில் குரோமியம். கழிவு எல்லாம் வாய்க்காலுக்கும் குளத்துக்கும் போனது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு சொன்னது. அந்தத் தீர்ப்பில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் வருகிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு செய்த கணக்கெடுப்பை நீதிமன்றம் எடுத்துக் காட்டியது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் மாசுபட்டிருந்தன. மாசு செய்பவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று சொன்ன புகழ்பெற்ற தீர்ப்பு இதுதான். தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் உண்டு. நாலில் மூன்று கிணறு போன பிறகு 10,000 ரூபாய் பெரிதா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் கழிவைச் சுத்திகரிக்காத ஆலை ஓடக்கூடாது என்ற உத்தரவுதான் அதில் பெரிது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்து விடலாம். தண்ணீர்ச் சோதனை அறிக்கையில் 'குளோரைடு அதிகம்' என்று பார்த்ததும், அப்படியானால் கிருமி செத்திருக்குமே என்று நினைப்பவர்கள் உண்டு. குளோரைடு என்பது சமையல் உப்பில் இருப்பது. அதற்குக் கிருமியைக் கொல்லும் சக்தி கிடையாது. கடல் நீரில் லிட்டருக்கு 19 கிராம் குளோரைடு இருக்கிறது, அதில் கோடிக்கணக்கான கிருமிகள் சுகமாக வாழ்கின்றன. பெயரில் ஒரே குடும்பம், குணத்தில் வேறு வேறு. கழிவு கலந்த தண்ணீரில் குளோரைடும் அதிகம், அதே நேரத்தில் அதில் இருக்கும் அம்மோனியாவும் கரிமப் பொருளும் போடுகிற குளோரினை முதலில் தின்றுவிடும். கிருமிக்கு மிச்சம் வருவது கொஞ்சம்தான்.

இப்படிப்பட்ட தண்ணீரை ஒரு நீச்சல் குளத்தில் நிரப்பினால் என்ன நடக்கிறது?

ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும்போது அதில் கரியமில வாயு கரைந்திருக்கும். அதனால் பி.எச். 7, 7.5 என்று நல்ல பிள்ளையாகவே காட்டும். குளத்தில் விழுந்து, அலையடித்து, வெயிலில் நின்றால் அந்த வாயு சோடா பாட்டில் திறந்த மாதிரி வெளியேறும். யாரும் எதுவும் போடாமலேயே பி.எச். 8ஐத் தாண்டும். இப்போது குளோரினின் வீரியம் கால் பங்குக்கும் கீழே. இரண்டு நாளில் தண்ணீர் பச்சை தட்டும், ஓடு வழுக்கும். பார்த்தவர் என்ன செய்வார்? இன்னும் இரண்டு கிலோ பவுடர் கொட்டுவார். பவுடருக்குள் இருப்பது என்ன? சுண்ணாம்பு! பி.எச். இன்னும் ஏறும், குளோரின் இன்னும் சோம்பேறியாகும், ஏற்கெனவே கடினமான தண்ணீர் சுண்ணாம்பு சேர்ந்து பால் மாதிரி கலங்கும். கலங்கிய தண்ணீரில் மூழ்குகிற பிள்ளை மேலே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. கிருமியைவிட அவசரமான ஆபத்து இது.

வாடை விஷயமும் தலைகீழ்தான். நீச்சல் குளத்துக்கே உரிய அந்த நெடி அடித்தால் 'நல்லா மருந்து போட்டிருக்காங்க' என்று சொல்வார்கள். அந்த நெடி சுத்தமான குளோரின் தருவதல்ல. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமின்களின் நெடி அது. கண்ணைச் சிவக்க வைப்பதும் பெரும்பாலும் அவைதான். இதை உடைக்கப் போதுமான அளவைத் தாண்டிக் குளோரின் போட வேண்டும் என்று கிரிஃபின் என்பவர் 1939லேயே காட்டிவிட்டார். குளிக்கும் முன் உடம்பைக் கழுவிவிட்டு இறங்கு என்று பம்புசெட்டில் பாட்டிகள் திட்டியதும் இதே வைத்தியத்தின் மலிவான பதிப்பு.

அப்புறம் வெயில். திண்டுக்கல் சித்திரை வெயிலைப் பற்றி விளக்க வேண்டாம். திறந்த வெளிக் குளத்தில் வெயிலின் புற ஊதாக் கதிர் சில மணி நேரத்தில் குளோரினை முக்கால்வாசி தின்றுவிடும். அதனால்தான் மருந்தை மாலையில் போடுகிறார்கள். வெயிலிலிருந்து காக்கும் சயனூரிக் அமிலம் 1950களின் பிற்பகுதியிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் அது அளவுக்கு மீறிச் சேர்ந்தால் குளோரினையே கட்டிப் போட்டுவிடும்.

வழி ஒன்றும் ரகசியமல்ல. முதலில் பி.எச்., பிறகுதான் குளோரின். காரம் ஏறியிருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நிறையத் தண்ணீரில் கலந்து, பம்பு ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கடின நீரில் பைகார்பனேட் அதிகம் என்பதால் அமிலம் போட்ட அன்று பி.எச். இறங்கும், மறுநாள் மறுபடி ஏறி நிற்கும். மூன்று நான்கு நாள் பொறுமை வேண்டும். ஒரே நாளில் ஒரு கேன் ஆசிட்டைக் கவிழ்ப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு.

அதைவிடப் பெரிய தப்பு, ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் கலப்பது, அல்லது ஒரே மக்கால் இரண்டையும் அள்ளுவது. இரண்டும் சேர்ந்த நொடியில் டெனன்ட் சுண்ணாம்புக்குள் அடைத்து வைத்த வாயு வெளியே வந்துவிடும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மானியப் படை சிலிண்டர்களைத் திறந்து விட்டது இதே வாயுவைத்தான். ஜன்னல் இல்லாத பம்பு அறையில் அது நடந்தால் ஓடித் தப்பிப்பது கூடக் கஷ்டம். நம் ஊரில் பவுடர் மூட்டையும் ஆசிட் கேனும் அநேகமாக ஒரே அறையில், ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் இருக்கின்றன. பவுடர் மூட்டை திறந்தே கிடந்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. புதிதாக இருக்கும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். ஈரமும் சூடும் பட்டால் வாரக்கணக்கில் அது பறந்து, கடைசியில் சுண்ணாம்பு மட்டும் மிஞ்சும். கிருமியைக் கொல்லாமல் பி.எச்.சை மட்டும் ஏற்றும் பொடி!

தோட்டக் கிணறுகள் பல இப்போது வற்றிப் போய், அடியில் போர் போட்டு நிற்கின்றன. மழைக் காலத்தில் நிரம்பினால் மட்டும் பிள்ளைகள் குதிக்கிறார்கள். குளங்களுக்கோ கோடையில் லாரித் தண்ணீர். ஒரு லாரி தோட்டத்துக் கிணற்றிலிருந்து வரும், அடுத்த லாரி எண்ணூறு அடி போரிலிருந்து வரும். இரண்டின் கடினத்தன்மையும் வேறு, பி.எச்.சும் வேறு. லாரி வந்ததும் அளவு நாடாவை விட்டு ஆழம் பார்க்கிறார்கள், ரசீதில் கையெழுத்துப் போடுகிறார்கள். இரண்டாவது குழாயை எடுத்து நிறம் பார்ப்பது பெரும்பாலும் மறுநாள் காலையில்தான், அதற்குள் முதல் பேட்ச் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கியிருப்பார்கள்.